புல்தரையில் முளைத்த வெள்ளைக் குடை, புற்றுக்காளானா?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டு முன்புறப் புல்தரையில், மழை விட்டதும் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வெள்ளைக் காளான்கள் வட்டமாக முளைத்துள்ளன. குடைமேல் பழுப்புச் செதில்கள் இருக்கின்றன. கறையான் புற்றில் முளைக்கும், உண்ணக்கூடிய புற்றுக்காளான்தான் என்கிறார்கள். சமைக்கலாமா?

பதில்: சமைக்க வேண்டாம். புல்தரை, வட்டமான முளைப்பு, வெண்குடைமேல் பழுப்புச் செதில் என்று நீங்கள் சொல்வதெல்லாம் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக்காளானோடு பொருந்துகிறது. வெப்பநாடுகளில் காளான் நஞ்சுக்கு அடிக்கடி காரணமாவது இதுதான். இளசாக இருக்கும்போது இதன் செவுள்களும் (குடையின் அடிப்பக்கத்தில் வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகள்) தூய வெள்ளையாகவே இருக்கும். வித்து முற்றிய பிறகுதான் சாம்பல் கலந்த பச்சை படரும். பார்வைக்கு நன்றாக இருக்கும் இளங்காளானைப் பறிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

உறுதி செய்ய விரும்பினால் காளானைப் பிடுங்காதீர்கள். சுற்றிலும் களைக்கொத்தால் ஆழமாகத் தோண்டி முழுதாக எடுங்கள். புற்றுக்காளானின் காம்பு மண்ணுக்குள் வேர்போல் மெலிந்து, கறையான் கூடுவரை நீளும். கூடு நிலத்தடியிலும் இருக்கலாம் என்பதால் மேலே புற்று தெரியவில்லை என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. உங்கள் காளானின் காம்பு சற்றே பருத்து, மண்ணின் மேல்மட்டத்திலேயே முடிந்துவிட்டால் அது புற்றுக்காளான் அல்ல. காம்பில் மேலும் கீழும் நகரும் தடித்த வளையம் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

காம்படி ஒரு பைக்குள் உட்கார்ந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. பைன், யூக்கலிப்டஸ் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி வாழும் அமானிட்டா வகைகளுக்கு இந்தப் பை உண்டு. அவற்றில் சில உயிரைப் பறிப்பவை. மேலாகப் பிடுங்கினால் பை மண்ணிலேயே தங்கிவிடும், முக்கியமான தடயமும் போய்விடும்.

அடுத்தது வித்துப் படிவு, அதாவது குடையிலிருந்து உதிரும் வித்துத்தூளின் நிறத்தைப் பார்ப்பது. நன்கு விரிந்த குடையின் காம்பை வெட்டி நீக்கி, செவுள் கீழே படும்படி வெள்ளைத்தாளில் வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுவதும் விடுங்கள். விரியாத மொட்டில் படிவு விழாது. காலையில் மங்கிய பச்சைத்தூள் தெரிந்தால் அது குளோரோபில்லமே. புற்றுக்காளானின் படிவு இளஞ்சிவப்பு சாயலில் இருக்கும். ஆனால் இளஞ்சிவப்பு வந்தாலே உண்ணலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்டோலோமா என்ற நச்சு இனமும் அதே நிறத்தில் உதிர்க்கும். படிவோடு காம்பின் வேரும் பொருந்த வேண்டும். பொருந்தினாலும், அந்த வகையை ஆண்டாண்டாகப் பறித்துச் சமைப்பவர் கையில் எடுத்துப் பார்த்து உறுதி சொல்லாமல் உண்ணக் கூடாது. படத்தை மட்டும் வைத்து யாரும் உறுதி சொல்ல முடியாது.

மஞ்சள் போட்டு வேகவைப்பது, பூண்டு கறுக்கிறதா என்று பார்ப்பது, வெள்ளிக்காசு போடுவது எதுவும் நஞ்சைக் காட்டாது. நத்தையும் புழுவும் தின்ற காளான்கூட மனிதரைக் கொல்லலாம். அமானிட்டாவின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

யாராவது தின்றுவிட்டால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குளோரோபில்லம் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். குழந்தைகளுக்கு நீரிழப்பு ஆபத்தாகும். 6 மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கினால் அதைவிடக் கவலைப்பட வேண்டும்: கல்லீரலைத் தாக்கும் நஞ்சு அப்படித்தான் தாமதமாக வெளிப்படும், இடையில் ஒரு நாள் குணமானதுபோலவும் தோன்றும். எதுவானாலும் வீட்டில் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மலையிலிருந்து சேலம் இறங்கவே நேரமாகும். மீந்த காளானைத் தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். பாலித்தீன் பையில் வேர்த்து அழுகிவிடும்.

தொடுவதால் நஞ்சு ஏறாது. குழந்தைகளோ நாயோ புழங்கும் புல்தரை என்றால் குடை விரியும் முன்பே பிடுங்கிப் புதையுங்கள். பூஞ்சை இழைகள் மண்ணுக்கடியில் இருப்பதால் அடுத்த மழைக்கும் அதே இடத்தில் முளைக்கக்கூடும்.