வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: வலது விங்கின் ராஜா

கே: கானாவில் குமாசி நகரத்து ஸ்டேடியத்துக்கு ‘பாபா யாரா’ என்று பெயர். யார் அவர்?

ப: கானா கால்பந்தின் வலது விங்கர், அதாவது மைதானத்தின் வலது ஓரமாகத் தாக்கி ஆடுபவர். 1936-ல் குமாசியில் பிறந்தவர். கால்பந்துக்கு வருவதற்கு முன்னால் குதிரைப் பந்தயத்தில் ஜாக்கி. 1955-ல் அசாந்தே கோட்டோகோ கிளப்பில் சேர்ந்தார். ‘விங்கர்களின் ராஜா’ என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். 1961-ல் கானா அதிபர் என்க்ருமாவின் ஆசைப்படி ரியல் ரிபப்ளிகன்ஸ் என்றொரு அணி உருவானது. மற்ற கிளப்புகளில் இருந்த நல்ல ஆட்டக்காரர்களை எடுத்துச் சேர்த்த அணி அது; ஆளைப் பறிகொடுத்த கிளப்புகள் கொதித்துப்போயின. யாராவும் அந்த அணிக்குப் போனார்.

கே: இப்போதைய விங்கர்கள் உள்ளே வந்து கோல் அடிக்கிறார்கள். அந்தக் காலத்து விங்கருக்கு என்னதான் வேலை?

ப: நல்ல கேள்வி. அன்று முன்வரிசையில் ஐந்து பேர். வலது ஓரத்தில் நிற்பவருக்கு 7-ஆம் எண், இடது ஓரத்தில் 11. விங்கர் டச்லைனை (மைதானத்தின் பக்கவாட்டுக் கோட்டை) ஒட்டியே நிற்க வேண்டும். அவர் அங்கே நின்றால் எதிரணியின் லெஃப்ட் பேக்கும் (இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர்) அங்கேயே நிற்க வேண்டியதுதான். நடுவில் இடம் திறக்கும். பேக் உள்ளே நகர்ந்தால் விங்கருக்கு வெளிப்பக்கம் காலி.

பந்து வந்ததும் வலது காலின் வெளிப்புறத்தில், பேக்குக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொள்வார். பாதி வேகத்தில் நேராக அவரை நோக்கிப் போவார். இடது தோளைச் சற்றே தாழ்த்தினால், உள்ளே வெட்டப்போகிறார் என்று நினைத்து பேக்கின் எடை ஒரு காலில் விழும். அந்த நொடியில் பந்தை வெளிப்பக்கம் தட்டிவிட்டு ஓட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: ஆரம்பத்திலேயே முழு வேகத்தில் வந்துவிடுவார்கள். கூட்டுவதற்கு வேகம் மிச்சமில்லாததால் பேக் சுதாரித்துக்கொள்வார். ஓடும் வேகத்தைவிட வேகத்தை மாற்றுவதுதான் டிரிபிளிங்கின் (பந்தைக் காலோடு கொண்டுபோய் எதிராளியைக் கடப்பதன்) உயிர்.

கோல் லைன் வரை போன பிறகு பந்தைப் பின்பக்கமாக இழுத்துக் கொடுப்பது மிகவும் ஆபத்தான பாஸ். வாங்குபவர் பந்துக்குப் பின்னால் இருப்பதால் ஆஃப்சைடு (பந்துக்கும் தடுப்பவர்களுக்கும் முன்னால் போய் நிற்கும் தவறு) ஆகாது. தடுப்பவர்களோ கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள்.

கே: 1963-ல் கானா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றதே, அதில் யாரா ஆடினாரா?

ப: இல்லை. அதே ஆண்டு மார்ச்சில், ஒரு ஆட்டம் முடிந்து ரியல் ரிபப்ளிகன்ஸ் அணி திரும்பிவந்த பஸ், வோல்டா பகுதியில் க்பேவே என்ற ஊருக்கருகே விபத்தில் சிக்கியது. யாராவின் முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாமல் போனது. அப்போது அவருக்கு 26 வயது. ஆண்டுக் கடைசியில் அக்ராவில் நடந்த இறுதியாட்டத்தில் கானா 3-0 என்று சூடானை வென்றது. அந்த வரிசையில் அவர் இல்லை என்பதை இன்று எழுதும்போதும் மனம் கனக்கிறது.

கே: யாராவைச் சிகிச்சைக்கு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்களே, ஏன் அங்கே?

ப: ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மான் 1944-ல் முதுகுத்தண்டுக் காயத்துக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியிருந்தார். முன்பெல்லாம் இத்தகைய நோயாளிகளின் உயிரைப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே பறித்தன. குட்மான் இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். பாராலிம்பிக்ஸ் முளைத்ததும் அங்கேதான். ஆனால் அறுந்த நரம்புத்தண்டை ஒட்டவைக்க அன்றும் வழியில்லை, இன்றும் இல்லை. யாரா 1969 மே மாதம் காலமானார்.

கே: அவருக்குப் பிறகு?

ப: ஓசெய் கோஃபி. அவரும் கோட்டோகோதான், டிரிபிளிங்கில் மாயக்காரர். 1965-ல் தூனிஸில் தூனிசியாவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வென்று கானா கோப்பையைத் தக்கவைத்தபோது ஒரு கோல் அவருடையது. ஓய்வுக்குப் பிறகு போதகரானார்.