47 வயதில் பெஞ்ச்: பேப்பர் போடலாமா?

18 வருட சர்வீஸ், இரண்டு மாதமாகப் பெஞ்ச் (ப்ராஜெக்ட் எதுவும் தராமல் உட்கார வைத்திருக்கிறார்கள்), "நீங்களே பேப்பர் போட்டுடுங்க", அதாவது ராஜினாமா செய்யுங்கள் என்று எச்ஆர் நச்சரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சார், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் வாயால் சொன்னதை அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

எனக்கும் 46-ல் இதே கதைதான். பத்து வருடம் எக்செல்லில் ஆள்கணக்கு மட்டும் பார்த்தவன். முதல் இன்டர்வியூவில் இரண்டு டேபிளை ஜாயின் பண்ணி ஒரு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி) எழுதச் சொன்னபோது கை ஓடவில்லை. அப்புறம் என் பழைய டீம் பையனிடமே உட்கார்ந்து கற்றேன் (கூச்சம் இரண்டு நாள்தான்). வேலையும் அவன் ரெஃபரலில்தான் கிடைத்தது, சம்பளம் குறைவு.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) ராஜினாமா செய்தாலும் உண்டு. ஐந்து வருடம் தாண்டிவிட்டீர்களே. பிஎஃப்பை மட்டும் உடைக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.