கர்ப்பகாலத்தில் இரத்தச் சியாலிக் அமிலம்: கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): எனக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. ஆய்வகம் தந்த தொகுப்புப் பரிசோதனை அறிக்கையில் சியாலிக் அமிலம் 'அதிகம்' என்று வந்துள்ளது. இது என்ன நோயைக் குறிக்கிறது?

பதில்: அந்த எண் மட்டும் எந்த நோயையும் குறிக்கவில்லை. சியாலிக் அமிலம் என்பது நம் கல்லீரல் உருவாக்கும் பெரும்பாலான இரத்தப் புரதங்களில் கோத்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் அமர்ந்திருக்கும் ஒன்பது கார்பன் சர்க்கரை அமிலம். இரத்தத்தில் தனியாகத் திரிவது மிகச் சிறு பங்கே. எனவே 'மொத்த அளவு' என்று அச்சாவது, அதைச் சுமக்கும் புரதங்களின் கூட்டுக்கணக்குதான். கர்ப்பமில்லாதவர்களுக்கு இது டெசிலிட்டருக்குச் சுமார் 50 முதல் 75 மில்லிகிராம் வரை இருக்கும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இயல்பாகவே உயரும். உங்கள் ஆய்வகம் கர்ப்பிணிகளுக்கெனத் தனி அளவுகோல் வைத்திராமல் மற்றவர்களின் அளவுகோலோடு ஒப்பிட்டிருந்தால், 'அதிகம்' என்ற சொல்லுக்குப் பொருளில்லை. மருத்துவர் கேட்காத பரிசோதனையைத் தொகுப்பில் இருக்கிறதே என்று செய்துகொள்ளாதீர்கள்.

கேள்வி (உயிர்வேதியியல் மாணவர்): சியாலிக் அமிலம் அழற்சியின் அடையாளம் என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். அப்படியானால் கர்ப்பமே ஓர் அழற்சி நிலை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக்கூடாது. அழற்சியில் முன்னணியில் உயர்வது, தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை சியாலிக் அமிலத்தையே கொண்ட ஓரோசோமியூகாயிட் என்ற இரத்தப் புரதம். கர்ப்பத்திலோ ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் அதைக் குறைக்கவே செய்கிறது. உயர்பவை இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென், செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் போன்ற புரதங்கள். ஃபைப்ரினோஜென் கடைசி மாதங்களில் டெசிலிட்டருக்கு 600 மில்லிகிராமைக்கூட எட்டும். ஈஎஸ்ஆர், அதாவது இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம், ஏறுவதற்கும் அதுவே முக்கியக் காரணம்.

அதே மாணவர்: கர்ப்பத்தில் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, 40 முதல் 50 சதவீதம் பெருகும்போது எல்லாமே நீர்த்துப்போக வேண்டாமா?

பதில்: நல்ல கேள்வி. அல்புமின் அப்படித்தான் குறைகிறது. அதில் சியாலிக் அமிலம் கிடையாது. நீர்த்த பிறகும் உயர்ந்து நிற்கும் புரதங்கள், உற்பத்தி கூடியதாலோ அழிவு மெதுவானதாலோ நிற்கின்றன. இரண்டாவதற்கு அழகான சான்று, தைராய்டு ஹார்மோனான தைராக்ஸினைச் (டி4) சுமக்கும் குளோபுலின் என்ற புரதம். ஈஸ்ட்ரோஜெனின் தாக்கத்தில் அது கூடுதல் சியாலிக் அமிலத்துடன் வெளிவருகிறது. நுனியிலுள்ள அந்த அமிலம் உதிர்ந்து, அடியிலிருக்கும் கேலக்டோஸ் என்ற சர்க்கரை வெளித்தெரிந்தால்தான் கல்லீரல் ஏற்பி ஒரு புரதத்தைப் பிடித்து உள்ளிழுக்கும். அமிலம் மூடியிருப்பதால் இந்தக் குளோபுலின் இரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. அதனால் இரத்தத்தின் மொத்த டி4 ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

அதே மாணவர்: பிரசவம் முடிந்ததும் அளவு இறங்கிவிட வேண்டுமே?

பதில்: உடனே இறங்காது. அழற்சி உண்மையிலேயே வருவது அப்போதுதான். பிரசவத்தில் நேரும் திசுக்காயம், அறுவை என்றால் இன்னும் கூடுதலாக, ஓரோசோமியூகாயிடையும் ஹாப்டோகுளோபின் என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தையும் முதல் நாட்களில் உயர்த்தும். அதன்பின் வாரக்கணக்கில் மெல்லத் தணியும். ஆகவே கர்ப்பகால உயர்வையும் பிரசவத்துக்குப் பிந்தைய உயர்வையும் ஒரே காரணத்தில் அடைக்க முயலாதீர்கள்.

கேள்வி (மதுரை): எட்டாம் மாதம். எனக்கும் அதிகம் என்றே வந்துள்ளது.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): உழவாரன் பறவை எச்சிலால் கட்டும் கூட்டில் செய்யும் பறவைக்கூட்டுச் சூப்பில் சியாலிக் அமிலம் நிறைய இருப்பதால் குழந்தையின் மூளைக்கு நல்லது என்கிறார்கள். குடிக்கலாமா?

பதில்: நிறைய இருப்பது உண்மை. ஆனால் அதை உங்கள் உடலே செய்துகொள்கிறது. பிறந்த குழந்தைக்குச் சீம்பாலிலேயே அது செறிவாகக் கிடைக்கும். உங்கள் ஊரில் குழந்தைகளுக்குக் கடும் ஒவ்வாமை தந்த உணவுகளில் பறவைக்கூடு முன்னணியில் இருந்ததையும் மறவாதீர்கள்.

கேள்வி (திருச்சி): கர்ப்பத்தில் என் முடக்குவாத மூட்டுவலி தணிந்தது. மீண்டும் வருமா?

பதில்: பலருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் திரும்புகிறது. கர்ப்பத்தில் ஐஜிஜி என்ற நோய் எதிர்ப்புப் புரதங்களின் சர்க்கரைச் சங்கிலியில் கேலக்டோஸும் சியாலிக் அமிலமும் கூடி, பிறகு குறைகின்றன. நோயின் போக்கு அதோடு ஒத்துப்போகிறது. அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தாய்ப்பால் கொடுக்கும்போது எந்த மருந்து எடுக்கலாம் என்பதை மூட்டு நோய் மருத்துவரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

கேள்வி (சேலம்): எனக்கு 84. ஆபத்தா?

பதில்: எத்தனையாவது மாதம் என்பதைக்கூட எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் எவராலும் பதில் சொல்ல இயலாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (நெல்லை): கர்ப்பகால இரத்த அழுத்த நோயை இந்தப் பரிசோதனை முன்கூட்டிக் காட்டுமா?

பதில்: இதை நம்பி இருக்காதீர்கள். ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்க்கப்பட வேண்டும். தீராத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் அறிக்கைக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.