வாடகை வீட்டுக்காக ஓடும் காருக்குத் தேய்மானம்: கேள்வி பதில்

அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள், அந்த வீட்டு வேலைக்காக ஓட்டும் சொந்தக் காரைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. நான் பல வருடங்களாக வரிக்கணக்குத் தயார் செய்து கொடுக்கிறேன், எனக்கும் வாடகைக்கு விட்ட வீடு உண்டு. கீழே உள்ள எண்கள் மத்திய வருமான வரிக்கானவை, பெரும்பாலும் 2025ஆம் வருடக் கணக்குக்கு. உங்கள் மாநிலத்தின் விதி சில இடங்களில் வேறாக இருக்கும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, மைலுக்கு 70 சென்ட் என்று கணக்குப் போட்டு எழுதிவிட்டேன். அதோடு காரின் தேய்மானத்தையும் எழுதலாமா?

முடியாது. வரித்துறை வைத்திருக்கும் மைல் விகிதமான அந்த 70 சென்டுக்குள்ளேயே தேய்மானம், அதாவது ஓடி ஓடிக் காரின் விலை குறைவதற்கான கழிவு, உட்கார்ந்திருக்கிறது. 2025க்கு அதில் 33 சென்ட் தேய்மானத்துக்கு என்றே வைத்திருக்கிறார்கள். பெட்ரோல், ஆயில், டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் மீதியில் அடக்கம். வாடகை வேலைக்காகப் போன இடத்தில் கட்டிய பார்க்கிங், டோல் இரண்டையும் மட்டும் மறக்காமல் தனியாகச் சேர்த்து எழுதுங்கள், நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் மைல் கணக்கு நல்லதா, நிஜச் செலவும் தேய்மானமும் நல்லதா? புதிதாக 30,000 டாலருக்குக் கார் வாங்கியிருக்கிறேன், இரண்டு வீடுகள் வாடகைக்கு இருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டுகிறீர்கள், அதில் 3,000 மைல் வாடகை வீட்டு வேலைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது கால் பங்கு. மைல் கணக்கில் போனால் 3,000 மைலுக்கு 2,100 டாலர் கழிக்கலாம், வேலை முடிந்தது. நிஜச் செலவில் போனால், பெட்ரோல், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 5,000 டாலர் ஆகிறது என்றால் அதில் கால் பங்கு 1,250. தேய்மானத்தில் உங்களுக்கு, ஆரம்ப வருடங்களிலேயே அதிகமாகக் கழிக்க விடும் வேகமான அட்டவணை கிடைக்காது, ஏனென்றால் தொழில் உபயோகம் 50 சதவீதத்தைத் தாண்டவில்லை. விலையைச் சமமாகப் பிரித்துக் கழிக்கும் நேர்கோட்டு முறையில் முதல் வருடம் 10 சதவீதம், அப்புறம் நான்கு வருடம் 20 சதவீதம், ஆறாவது வருடம் மீதி 10. ஆக 30,000இல் கால் பங்கான 7,500க்கு முதல் வருடத் தேய்மானம் 750. கூட்டினால் 2,000 டாலர். மைல் கணக்கு நூறு டாலர் முன்னால் நிற்கிறது, ஒரு ரசீதுகூடச் சேர்க்காமல். இரண்டாம் வருடத்திலிருந்து தேய்மானம் 1,500 ஆகிவிடுவதால் நிஜச் செலவு முறை 2,750க்குப் போகும், அப்போது அது முந்திக்கொள்ளும்.

இப்படிச் சொன்னதும் எல்லோரும் "சரி, முதல் வருடம் இது, அடுத்த வருடம் அது" என்று கிளம்புவார்கள். அது ஒரு பக்கம்தான் திறக்கும் கதவு. கார் தொழில் உபயோகத்துக்கு வந்த முதல் வருடமே மைல் கணக்கைத் தேர்ந்தெடுத்திருந்தால், பிறகு நிஜச் செலவுக்கு மாறலாம், ஆனால் மாறியபின் மீதி ஆயுளுக்கு நேர்கோட்டுத் தேய்மானம்தான். முதல் வருடமே நிஜச் செலவில் ஆரம்பித்து வேகமான தேய்மானமோ, செக்ஷன் 179ஓ (விலையைத் தொழிலுக்கு வந்த வருடமே கழிக்க விடும் விதி), போனஸோ (முதல் வருடமே கிடைக்கும் கூடுதல் தேய்மானம்) எடுத்துவிட்டால் அந்தக் காருக்கு மைல் கணக்கு அதோடு போச்சு. அதனால் ஒன்றிரண்டு வீடு வைத்திருப்பவர்களிடம், முதல் வருடம் மைல் கணக்கில் ஆரம்பியுங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்கிறேன். பிறகு யோசிக்க இடம் இருக்கும். இந்தத் தேர்வு ஒவ்வொரு காருக்கும் தனித்தனி, உங்கள் காருக்கு ஒன்று, கணவர் காருக்கு வேறு என்று வைக்கலாம்.

கேள்வி: என் வீட்டிலிருந்து வாடகை வீடு 40 மைல். மாதம் மூன்று தடவை போய் வருகிறேன். முழுவதையும் எழுதலாமா?

தேய்மானத்தைவிட இங்கேதான் அதிகம் பேர் தப்பு செய்கிறார்கள். வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்குப் போவது, ஆபீசுக்குப் போய் வருவது மாதிரிதான் பொதுவாகப் பார்க்கப்படும், அதாவது சொந்தச் செலவு. உங்கள் வீட்டில் ஓர் அறையோ, தனியாகப் பிரித்த ஓர் இடமோ வாடகைத் தொழிலின் நிர்வாகத்துக்கு மட்டுமே, தொடர்ந்து பயன்பட்டு, அதுதான் அந்தத் தொழிலின் முக்கிய இடம் என்று காட்ட முடிந்தால் அந்த மைல்கள் கணக்கில் வரும். "மட்டுமே" என்பதை அழுத்திப் படியுங்கள். பகலில் வாடகைக் கணக்கு, ராத்திரி பிள்ளைகள் வீட்டுப்பாடம் என்றால் அது ஆகாது. அதோடு உங்கள் வாடகை வேலை ஒரு தொழில் என்று சொல்லும் அளவுக்கு இருக்க வேண்டும். ஒரே ஒரு வீட்டை மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் விட்டுவிட்டு வருடத்துக்கு இரண்டு தடவை எட்டிப் பார்ப்பவர் அப்படிச் சொல்வது கஷ்டம்.

ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்குப் போனது, அங்கிருந்து குழாய் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பியது, இவை கணக்கில் வரும். வெளியூரில் இருக்கும் வாடகை வீட்டுக்கு, புதுச் சமையலறை கட்டுவது மாதிரி வீட்டை மேம்படுத்தும் வேலையே முக்கிய நோக்கமாகப் போனால், அந்தப் பயணச் செலவை அந்த வருடமே கழிக்க முடியாது. மேம்பாட்டுச் செலவு எப்படி வீட்டின் தேய்மானத்தோடு 27.5 வருடத்தில் திரும்பக் கிடைக்கிறதோ, அந்த வழியில்தான் இதுவும். ஒழுகும் குழாயைச் சரிசெய்யப் போனது வேறு, அது பராமரிப்பு.

கேள்வி: 6,000 பவுண்டுக்கு மேல் எடை உள்ள எஸ்யூவி வாங்கினால் முழு விலையையும் ஒரே வருடத்தில் கழிக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். 80,000 டாலர் வண்டி. வாங்கிவிடட்டுமா?

வரிக்காக வண்டி வாங்காதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சாதாரணக் காருக்கு வருடா வருடம் தேய்மான உச்சவரம்பு உண்டு. 2025இல் தொழிலுக்கு வந்த காருக்கு முதல் வருடம் போனஸ் இல்லாமல் 12,200, போனஸோடு 20,200, அப்புறம் 19,600, 11,800, அதன்பின் வருடத்துக்கு 7,060. இது நூறு சதவீதத் தொழில் உபயோகத்துக்கு, உங்கள் பங்கு குறைந்தால் இதுவும் அதே விகிதத்தில் குறையும். சுமையோடு சேர்த்த மொத்த எடை மதிப்பு, டிரைவர் பக்கக் கதவில் ஒட்டியிருக்குமே அந்த எண், 6,000 பவுண்டைத் தாண்டினால் இந்த உச்சவரம்பு இல்லை. அப்படிப்பட்ட எஸ்யூவிக்கு 2025இல் செக்ஷன் 179 மூலம் 31,300 டாலர் வரை, அதற்கு மேல் உள்ளதற்குப் போனஸ் தேய்மானம், அதுவும் 2025 ஜனவரி 19க்குப் பிறகு வாங்கிய வண்டி என்றால் 100 சதவீதம்.

ஆனால் இது எல்லாமே தொழில் உபயோகம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான். இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, நண்பர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. அந்த 50 சதவீதச் சோதனையில் முதலீட்டு உபயோகத்தைச் சேர்க்கக் கூடாது. உங்கள் வாடகை வேலை தொழில் அளவுக்கு இல்லாமல் வெறும் முதலீடாக இருந்தால், நீங்கள் 80 சதவீதம் அதற்காகவே ஓட்டினாலும் சோதனையில் அது பூஜ்யம். தேய்மானம் கிடைக்கும், நேர்கோட்டில். செக்ஷன் 179ம் போனஸும் கிடையாது.

சோதனையில் தேறிவிட்டீர்கள், 60 சதவீத உபயோகம் என்று வைப்போம். 80,000இல் 48,000ஐ முதல் வருடமே கழித்துவிட்டீர்கள். அடுத்த வருடம் ஒரு வீட்டை விற்கிறீர்கள், ஓட்டம் குறைந்து உபயோகம் 40 சதவீதம் ஆகிறது. உடனே, நேர்கோட்டில் போயிருந்தால் முதல் வருடம் கிடைத்திருக்கும் 4,800ஐ விட்டுவிட்டு மீதி 43,200 டாலரை அந்த வருட வருமானத்தில் சேர்க்கச் சொல்வார்கள். படிவம் 4797இல் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வண்டியை விற்கக்கூட இல்லை, கையில் பணம் வரவில்லை, வரி மட்டும் வந்து நிற்கும். இப்படி மாட்டிக்கொண்டவர்களின் கணக்கைப் போட்டிருக்கிறேன், அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்கு மனசு வராது.

கேள்வி: மேடம், மூன்று வருடம் முன் 32,000க்கு வாங்கி வீட்டுக்கு ஓட்டிய கார், இப்போதுதான் வாடகை வேலைக்கு ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன். தேய்மானத்துக்கு எந்த விலை?

வாங்கிய விலை, உபயோகத்தை மாற்றிய நாளின் சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அது. இன்று 19,000தான் போகும் என்றால் 19,000, அதில் உங்கள் வாடகைப் பங்கு. அந்த நாளின் சந்தை விலையை இணையத்தில் பார்த்து அன்றே அச்செடுத்து வைத்துவிடுங்கள். இந்தக் காருக்குச் செக்ஷன் 179 கிடையாது. மைல் கணக்கு எடுக்கலாம், இதுதான் அதன் முதல் தொழில் வருடம்.

கேள்வி: எனக்குக் கம்பெனிச் சம்பளம் நன்றாகவே வருகிறது. கார் தேய்மானத்தால் வாடகைக் கணக்கில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாமா?

வாடகை நஷ்டம் பொதுவாகச் செயலற்ற நஷ்டம், அதாவது சம்பளம் மாதிரி மற்ற வருமானத்தில் சாதாரணமாகக் கழிக்க முடியாதது. நீங்களே குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுப்பது, ரிப்பேருக்குச் சம்மதம் சொல்வது என்று நிர்வாகத்தில் பங்கெடுத்தால் 25,000 டாலர் வரை மற்ற வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் திருத்திய மொத்த வருமானம் 100,000ஐத் தாண்டினால் அது குறைய ஆரம்பித்து 150,000இல் முழுதாகப் போய்விடும். கணவனும் மனைவியும் ஐடி வேலையில் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இந்த வரம்பு தாண்டியிருக்கும். அப்போது நஷ்டம் வீணாகாது, அடுத்தடுத்த வருடங்களுக்குப் போய், பின்னால் வாடகையில் லாபம் வரும்போதோ வீட்டை விற்கும்போதோ பயன்படும். இந்த வருட வரியைக் குறைக்கத்தான் அந்த 80,000 டாலர் எஸ்யூவி என்று நினைத்தவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: காரை எல்எல்சி (பொறுப்பு வரையறுத்த கம்பெனி) பெயருக்கு மாற்றிவிட்டால் முழுச் செலவையும் எழுதலாமா?

இல்லை. நீங்கள் ஒருவரே உரிமையாளரான எல்எல்சியை வரிக்கணக்கில் தனி ஆளாகவே பார்ப்பதில்லை. பெயர் யாருடையதாக இருந்தாலும் எத்தனை மைல் எதற்கு ஓடியது என்பதுதான் பேச்சு. பெயர் மாற்றினால் இன்சூரன்ஸ் கூடும், கார் கடன் இருந்தால் வங்கியிடமும் கேட்க வேண்டும்.

கேள்வி: மைல் கணக்கை எப்படி எழுதி வைப்பது? வருடக் கடைசியில் உத்தேசமாகப் போட்டால் ஒத்துக்கொள்வார்களா அக்கா?

உத்தேசம் செல்லாது. மற்ற சில செலவுகளில் நியாயமான மதிப்பீட்டை நீதிமன்றம் ஏற்றுக்கொள்வதுண்டு, காருக்குச் சட்டமே அதை அடைத்துவிட்டது. தேதி, போன இடம், எதற்காக, எத்தனை மைல், இந்த நான்கும் வேண்டும். "வாடகை வேலை" என்று மட்டும் எழுதாதீர்கள், "இரண்டாம் வீடு, ஹீட்டர் மெக்கானிக்கைப் பார்க்க" என்று எழுதுங்கள். ஜனவரி 1 அன்றும் டிசம்பர் 31 அன்றும் ஓடோமீட்டரை போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், மொத்த மைலுக்கு அதுவே ஆதாரம். நான் வண்டியிலேயே ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், இறங்கும் முன் எழுதிவிடுவேன். செயலி வைத்துக்கொண்டாலும் சரி, நோக்கத்தை மட்டும் நீங்களே எழுத வேண்டும். வருடம் முழுவதும் ஓட்டம் ஒரே மாதிரி என்றால், ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் மட்டும் எழுதி, மற்ற வாரங்களும் அப்படித்தான் என்று வேறு ஆதாரத்தோடு காட்ட வரித்துறையான ஐஆர்எஸ் இடம் கொடுக்கிறது. வாடகை வீட்டு ஓட்டம் அப்படிச் சீராக இருப்பதை நான் பார்த்ததில்லை, அதனால் முழுதாகவே எழுதுங்கள்.

கேள்வி: நான் மைல் கணக்குதான் எடுத்தேன், தேய்மானம் எடுக்கவே இல்லை. காரை விற்றால் வரி ஏதாவது வருமா?

வரலாம். மைல் விகிதத்துக்குள் தேய்மானம் இருக்கிறது என்றேன் அல்லவா, அது உங்கள் அடக்க விலையைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வரும். 28,000க்கு வாங்கிய கார், கால் பங்கு வாடகை உபயோகம், 2023, 2024, 2025 மூன்று வருடமும் 3,000 மைல் என்று வைப்போம். அந்த வருடங்களில் தேய்மானப் பங்கு 28, 30, 33 சென்ட். ஆக 840, 900, 990, மொத்தம் 2,730. வாடகைப் பங்கான 7,000இலிருந்து அதைக் கழித்தால் 4,270. காரை 20,000க்கு விற்றால் அதில் கால் பங்கு 5,000. லாபம் 730, அது சாதாரண வருமானமாக வரி கட்ட வேண்டியது. மீதி முக்கால் பங்கில் 21,000 போட்டு 15,000 எடுத்ததால் 6,000 நஷ்டம், ஆனால் சொந்த உபயோக நஷ்டத்தைக் கழிக்க முடியாது. டீலரிடம் பழைய காரைக் கொடுத்துப் புதியது எடுத்தாலும் 2018 முதல் அதுவும் விற்பனைதான்.

கேள்வி: குத்தகைக்கு, அதாவது லீஸில் எடுத்த காருக்கு?

கார் உங்களுடையது இல்லை, தேய்மானம் கிடையாது. மாதத் தவணையில் வாடகைப் பங்கைக் கழிக்கலாம், அல்லது மைல் கணக்கு. மைல் கணக்கில் ஆரம்பித்தால் லீஸ் முடியும்வரை அதேதான்.

கேள்வி: சரி, படிவத்தில் எங்கே எழுதுவது?

வாடகை வருமானத்தைக் காட்டும் ஷெட்யூல் ஈயில் லைன் 6இல் மைல் கணக்கோ ஓட்டச் செலவோ, தேய்மானம் என்றால் லைன் 18. எந்த முறையானாலும் படிவம் 4562இன் ஐந்தாம் பகுதியை நிரப்பி இணைக்க வேண்டும், மைல் கணக்குக்குத் தேவையில்லை என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில் 24ஏ, 24பி என்று இரண்டு கேள்விகள்: ஆதாரம் இருக்கிறதா, அது எழுத்தில் இருக்கிறதா. இரண்டு மூன்று வீடுகள் இருந்தால் மைல்களை வீடு வாரியாகப் பிரித்து அந்தந்த வீட்டின் பத்தியில் போடுங்கள். நோட்டில் எழுதும்போதே வீட்டுக்கு ஒரு எண் கொடுத்துவிட்டால் ஏப்ரலில் உட்கார்ந்து பிரிக்க வேண்டியதில்லை.