பெரட்டுக்கு வராத உறுப்பினர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

குன்னூரில் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. சட்டமன்றத்துக்குப் போகாத எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் ஏன் முழுச் சம்பளம்? பிடித்தால் என்ன? ‘தொகுதி வேலையும் வேலைதானே’ என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

பிடிக்கத்தான் வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்தார். ஓர் ஆடி மழையில் எனக்குக் கடும் காய்ச்சல். கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடியவர், மழைக்குப் போர்த்திய படங்கில் தண்ணீர் சொட்டச் சொட்ட அரை மணியில் திரும்பி வந்தார். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்துப் பேர் பதிகிற இடத்துக்கு, பிந்திவிட்டதாம். அடுப்படியில் உட்கார்ந்து ஈரக் கையை அனலில் காட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் பேர் விழவில்லை, கூலியும் இல்லை.

சட்டமன்ற உறுப்பினருக்கும் சட்டம் உண்டு. அரசியல் சாசனத்தின் 190ஆவது பிரிவுப்படி, 60 நாள் அனுமதியில்லாமல் எல்லாக் கூட்டங்களுக்கும் வராதவரின் இடத்தைக் காலியானதாக அவை அறிவிக்கலாம். ஆனால் தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் அவையை ஒத்திவைத்த காலம் அந்த 60இல் சேராது. வருஷத்தில் சில வாரங்களே கூடும் அவையில் இந்தக் கணக்கு என்றைக்கு நிறையும்? நடுவில் ஒரு நாள் தலைகாட்டினால் போதும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். 2017இல் தமிழ்நாட்டில் உறுப்பினர் சம்பளம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனபோதாவது வருகையை அதோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம்.

நாடாளுமன்றத்தில் தினப்படிக்கு மட்டும் அப்படி ஒரு கட்டு இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து நாளுக்கு 2,500 ரூபாய். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். மாதச் சம்பளத்தை அது தொடாது. கையெழுத்துப் போட்ட கையோடு வெளியே போகிறவரையும் தடுக்காது.

தோட்டத்தில் பேர் விழுந்தால் மட்டும் போதாதே, கொழுந்தை நிறுக்க வேண்டும். நம் சட்டமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. யார் ‘ஆம்’ என்றார், யார் வாய் திறக்கவில்லை என்று பெயர்வாரியாக எதுவும் பதிவாவதில்லை. சம்பளப் பிடித்தத்தைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீலகிரியில் 2009 நவம்பர் மண்சரிவு மாதிரி ஒன்று நடந்தால் எம்.எல்.ஏ. இங்கேதான் நிற்க வேண்டும். அதற்கு அவையின் அனுமதி கேட்கலாம், அந்த 190ஆவது பிரிவே வழிவிடுகிறது. கல்யாண வீட்டுக்கும் கடைத் திறப்புக்கும் போவதை அதில் சேர்க்கக் கூடாது. 234 பேரில் நீலகிரிக்கு மூன்றே பேர். கூடலூரில் பட்டா இல்லாமல் தலைமுறையாக வாழ்கிறவர்களின் வழக்கு, ஜென்மி என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவிலிருந்து வருவது. அந்தச் சட்டத்தைத் திருத்துகிற இடம் சென்னையில் இருக்கிற அந்த மண்டபம்தான்.

உங்கள் உறுப்பினர் போன கூட்டத்தொடரில் எத்தனை நாள் போனார், பச்சைத் தேயிலை விலை பற்றி என்ன கேட்டார் என்று அவருக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.