‘அறிவியலுக்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் உண்மையில் மோதலே இல்லை’ என்கிறாரே தத்துவப் பேராசிரியர் பிளான்டிங்கா, அது சரியா?

பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் எனக்கும் எங்கள் சபை ஐயருக்கும் (திருநெல்வேலிப் பக்கம் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வழக்கு இன்னும் தீரவில்லை.

நான் முப்பது வருடம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தியவன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவனும்கூட. பரிணாமப் பாடம் முடிகிற நாளில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: “சார், நீங்க இதை நம்புறீங்களா, ஆதியாகமத்தை நம்புறீங்களா?” (பைபிளின் படைப்புக் கதை வரும் முதல் புத்தகம் அது.) பதில் சொல்லாமல் பெல் அடிக்கட்டும் என்று காத்திருந்த வருடங்களும் உண்டு. ஓய்வுபெற்ற பிறகு ஐயர் கொடுத்துத்தான் ஆல்வின் பிளான்டிங்கா 2011-ல் எழுதிய புத்தகத்தைப் படித்தேன். பென்சிலும் கையுமாக இரண்டு தடவை.

ஆள் யாரென்று தெரியாதவர்களுக்கு: 1932-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். டச்சு வம்சாவளி, கால்வின் வழி வந்த சபை. ஹார்வர்டில் உதவித்தொகையோடு படித்துக்கொண்டிருந்தவர், கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்த சின்னக் கால்வின் கல்லூரியில் ஒரு தத்துவ ஆசிரியரின் வகுப்பைக் கேட்டுவிட்டு, ஹார்வர்டே வேண்டாம் என்று அங்கே திரும்பிவிட்டார். பிற்பாடு அதே கல்லூரியில் 1963 முதல் 1982 வரை பாடம் நடத்தினார். அதன் பிறகு 2010 வரை நோட்ர டாம் பல்கலைக்கழகம். பரம்பரைப் புராட்டஸ்டன்ட் ஒருவர் கத்தோலிக்கரின் கோட்டையில் 28 வருடம்! 2017-ல் டெம்பிள்டன் பரிசும் வந்தது.

அவர் சொல்வதன் சாரம் இது. அறிவியலுக்கும் கடவுள் நம்பிக்கைக்கும் மேலோட்டமாக மோதல், ஆழத்தில் இணக்கம். அறிவியலுக்கும் ‘இயற்கையைத் தவிர வேறெதுவும் இல்லை’ என்ற கொள்கைக்கும் மேலோட்டமாக இணக்கம், ஆழத்தில் மோதல். முதல் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில்தான் சிக்கல்.

முதல் பாதியில் அவர் பிடிக்கிற இடம் ஒரே ஒரு சொல்: தற்செயல். மரபணு மாற்றங்கள் தற்செயலாக நிகழ்கின்றன என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அதற்கு என்ன பொருள்? 1943-ல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் பாக்டீரியாக்களை வைத்துச் செய்த சோதனையை நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். வைரஸை எதிர்த்து நிற்கும் மாற்றம், வைரஸ் வந்த பிறகு அதற்குப் பதிலாக உண்டாவதில்லை. அதற்கு முன்பே எங்கோ ஒன்றிரண்டு செல்லில் நிகழ்ந்திருக்கிறது. ஆக, தற்செயல் என்றால் ‘உயிரிக்கு எது தேவை என்று பார்த்து மாற்றம் வருவதில்லை’ என்பது மட்டுமே. ‘இதன் பின்னால் யாருடைய நோக்கமும் இல்லை’ என்பது வேறு வாக்கியம். அது பாக்டீரியாத் தட்டில் தெரியாது. ரிச்சர்ட் டாக்கின்ஸ் போன்ற நாத்திக உயிரியலாளர்கள் முதல் வாக்கியத்துக்கான சான்றுகளைக் காட்டிவிட்டு இரண்டாவதையும் சேர்த்து விற்கிறார்கள் என்பது பிளான்டிங்காவின் குற்றச்சாட்டு. நானும் பல வருடம் அப்படிச் சேர்த்தேதான் நடத்தியிருக்கிறேன், கவனிக்காமலேயே.

2009-ல் சிகாகோவில் நாத்திகத் தத்துவவாதி டேனியல் டென்னட்டோடு நடந்த விவாதத்தில் இதுதான் பேச்சு. பரிணாமமும் கடவுள் நம்பிக்கையும் ஒத்துப்போகும் என்பதை டென்னட் மறுக்கவேயில்லை. ஆனால் 53 கோடி வருடத்துக்கு முன் கிரிப்டான் கிரகத்திலிருந்து சூப்பர்மேன் வந்து கேம்பிரியன் காலத்து உயிர்ப்பெருக்கத்தைத் தொடங்கிவைத்தார் என்றாலும் பரிணாமத்தோடு ஒத்துத்தானே போகும் என்றார். கேலி என்றாலும் குறி தப்பவில்லை. ஒத்துப்போவது வேறு, நம்புவதற்குக் காரணம் இருப்பது வேறு. கடவுளை நம்பக் காரணத்தை அறிவியலில் தேடவில்லை, அது வேறிடத்திலிருந்து வருகிறது என்பது பிளான்டிங்காவின் நிலை. அது நேர்மையான நிலை என்றே நினைக்கிறேன்.

இனி இரண்டாம் பாதி. இயற்கைத் தேர்வுக்கு வேண்டியது சரியான நடத்தை. உண்மையான நம்பிக்கை அல்ல என்கிறார். பால் (Paul) என்ற ஆதிமனிதனைக் கற்பனை செய்கிறார். புலி தன்னைத் தின்ன வேண்டும் என்று பாலுக்கு ஆசை. ஆனால் எந்தப் புலியைக் கண்டாலும், ‘இது தின்னாது, வேறு நல்ல புலியாகப் பார்ப்போம்’ என்று ஓடிவிடுகிறான். எண்ணம் முழுக்கத் தப்பு, ஆனால் உயிர் தப்பியது. நம் மூளையை இயற்கைத் தேர்வு மட்டுமே செதுக்கியிருந்தால் நம் எண்ணங்களில் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். நூறு எண்ணங்களில் முக்கால்வாசி சரியாக இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுகூட வராது. அந்த மூளையை வைத்துப் பரிணாமக் கொள்கையை மட்டும் எப்படி நம்புவாய் என்று மடக்குகிறார்.

இங்கே எனக்குள் இருக்கும் விலங்கியல்காரன் எழுந்துவிடுகிறான். தவளை இவருக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும். கண்முன் சிறியதாக, கருப்பாக எது நகர்ந்தாலும் நாக்கை நீட்டும். பூச்சி என்ற ‘உண்மை’ அதற்குத் தேவையில்லை. ஆனால் வட அமெரிக்க மலைகளில் வாழும் ஒரு காக்கைக் குடும்பப் பறவை, பைன் விதைகளை ஆயிரக்கணக்கான இடங்களில் புதைத்துவைத்து, மாதக்கணக்கில் கழித்துத் தோண்டி எடுத்துப் பிழைக்கிறது. அதன் தலைக்குள் இருக்கும் வரைபடம் உண்மையாக இல்லாவிட்டால் பனிக்காலம் தாண்டாது. ஆதிமனிதன் பாலின் தப்பெண்ணமும் தப்பான ஆசையும் ஒரு புலிக்கு ஈடாகலாம். ஆயிரம் புதிய சூழ்நிலைகளில் தொடர்ந்து ஈடாகுமா? பறவையிடம் இருப்பது வெப்பமானி மாதிரி வெறும் குறிகாட்டி, நம்பிக்கை அல்ல என்று பிளான்டிங்கா பதில் வைத்திருக்கிறார். அது எனக்குப் போதவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. இந்த வாதத்துக்குத் துணையாக அவர் டார்வினையே அழைக்கிறார். 1881-ல் வில்லியம் கிரகாம் என்ற நூலாசிரியருக்கு எழுதிய கடிதத்தில், கீழான விலங்குகளிலிருந்து வளர்ந்த மனித மனதின் உறுதிப்பாடுகளுக்கு மதிப்புண்டா, குரங்கின் மனதை யாராவது நம்புவார்களா என்று டார்வின் தவிக்கிறார். உண்மைதான். ஆனால் கடிதத்தில் அதற்கு முந்தைய வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். பிரபஞ்சம் தற்செயலின் விளைவல்ல என்று தன் உள்மனம் சொல்வதாக எழுதிவிட்டு, உடனே அந்தச் சந்தேகத்தை எழுப்புகிறார். அதாவது டார்வின் சந்தேகப்பட்டது விலங்கியலை அல்ல. பிளான்டிங்கா காப்பாற்ற நினைக்கும் அதே உறுதிப்பாட்டை! இதை ஐயரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “காப்பி சாப்பிடுவோம்” என்றார்.

ஆனால் என்னை உண்மையில் தூங்கவிடாதது இந்த இரண்டு பாதியும் அல்ல. எங்கள் பக்கம் தென்னையில் கருந்தலைப்புழு விழுந்தால் ஒட்டுண்ணிக் குளவியை விடுவார்கள். தாய்க்குளவி புழுவைக் கொட்டிச் செயலிழக்க வைத்து அதன்மேல் முட்டையிடும்; குஞ்சுகள் அந்தப் புழுவைத் தின்று வளரும். புழுவைத் தின்னும் இதுபோன்ற குளவிகளைச் சொல்லித்தான் 1860-ல் ஏசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியலாளருக்கு டார்வின் எழுதினார்: நன்மையே உருவான கடவுள் இதை வேண்டுமென்றே படைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று. பரிணாமத்தைக் கடவுள் வழிநடத்தியிருக்கலாம் என்று பிளான்டிங்கா திறந்துவைக்கும் கதவு வழியாக இந்தக் குளவியும் உள்ளே வருகிறது. வழிநடத்தாத பரிணாமம் என்றால் குளவிக்கு யாரும் பொறுப்பில்லை. வழிநடத்தினார் என்றால்? கிறிஸ்துவின் மனித அவதாரமும் மீட்பும் அடங்கிய உலகம், இத்தனை துன்பத்தோடும்கூட, மற்ற உலகங்களைவிட மேலானது என்று 2004-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் வாதிட்டார். மனிதனுக்குச் சரி. அந்த மீட்பில் புழுவுக்கு என்ன பங்கு?

இதற்கு ஐயர் பைபிளில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைத்தான் எடுப்பார்: சர்வசிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது. பவுல் எழுதியதில் புழுவும் அடங்கும் என்பது அவர் கட்சி. பிளான்டிங்காவின் பக்கங்களைவிட அந்த ஒரு வசனம் எனக்குக் கிட்டத்தில் வருகிறது. ஆனாலும் அது பதிலா, கேள்வியையே அழகாகச் சொன்னதா என்று இன்னும் புரியவில்லை.

புத்தகத்தை இதுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் ஐயர் வீட்டுத் தென்னைகளுக்குக் குளவி விட வருகிறார்களாம். என்னையும் வரச்சொல்லியிருக்கிறார்.