வாங்குவதும் வளைத்துப் போடுவதும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலச் செய்திகளில் 'பை அப்' என்று அடிக்கடி பார்க்கிறேன். 'பை' என்றாலே வாங்குவதுதானே, கூடவே அந்த 'அப்' எதற்கு? ஒரு பேனா வாங்கினாலும் 'பை அப்' போடலாமா? 'பை அவுட்' என்பதும் இதேதானா?

ஒரு கல்லூரி மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஒரு பேனாவுக்குப் போட முடியாது. கடையில் இருக்கும் பேனாக்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தால் தாராளமாகப் போடலாம்.

'அப்' என்றால் மேலே என்று மட்டும் எண்ண வேண்டாம். பல வினைகளோடு சேரும்போது அது 'மிச்சமில்லாமல்' என்ற சாயலைத் தரும். 'ஈட் அப்' என்றால் தட்டைக் காலி செய்வது. நம் 'சாப்பிட்டான்', 'சாப்பிட்டுத் தீர்த்தான்' போலத்தான். அப்படியே 'பை அப்' என்றால் கிடைக்கிற மட்டும் வாங்குவது. தமிழில் 'வாங்கிக் குவித்தார்' என்று எழுதுகிறார்கள். அதில் ஆசைதான் தெரிகிறது. எனக்குப் பிடித்தது 'வளைத்துப் போட்டார்'. அடுத்தவனுக்குக் கிடைக்கக் கூடாது என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் டெக்சஸ் எண்ணெய்க் குடும்பத்து ஹன்ட் சகோதரர்கள் 1970களில் வெள்ளியை வாங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியாகவும், முன்பேர ஒப்பந்தமாகவும் (பின்னாளில் வாங்கும் சரக்குக்கு இன்றே விலை பேசி வைப்பது) வாங்கிக்கொண்டே போனார்கள். 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டாலர் வாக்கில் இருந்த விலை, 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கிவிட்டது. சந்தை விதிகளை இறுக்கியதும் விலை சரிந்தது. விலை இறங்கினால் ஒப்பந்தத்துக்கு ஈடாகக் கூடுதல் பிணைத்தொகை கட்ட வேண்டும்; மார்ச்சில் அவர்களால் அதைக் கட்ட முடியவில்லை. இதை வெறும் 'வாங்கினார்கள்' என்று எழுதினால் கதையே போய்விடும்.

'பை அவுட்' வேறு சங்கதி. அங்கே கண் பெரும்பாலும் ஆள்மேல். இருவர் கூட்டாகத் தொழில் நடத்துகிறார்கள், ஒத்துவரவில்லை. ஒருவர் மற்றவரின் பங்குக்குப் பணம் கொடுத்துக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறார். நிறுவனத்தை மொத்தமாகக் கைக்கொள்வதற்கும் இதைச் சொல்வார்கள். (கடையையே காலி செய்தார் என்பதற்கும் அமெரிக்கர்கள் 'பை அவுட்' போடுவதுண்டு. பேச்சுவழக்கு, விட்டுவிடுங்கள்.)

அப்புறம் ஒன்று. 'இட்', 'தெம்' வந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும்: 'பை தெம் அப்'. 'பை அப் தெம்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். நிலம், பங்கு என்று பெயர்ச்சொல் வந்தால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்.